எட்டு பிட்டில் ஒரு வியட்நாம்

நான்கு ஆஸ்கர் வாங்கிய ‘பிளட்டூன்’ ஒரு டிவி கேமாகவும் வந்தது. போரை வெறுத்த படம், சுட்டு விளையாடும் கேசட்டுக்குள் போனபோது என்ன மிஞ்சியது?

மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காயும் முன்பே சிறுவர்களின் கண் போகும் இடம் பொம்மைக் கடை. திருப்பதி போன்ற யாத்திரைத் தலங்களில் இது தலைமுறை தலைமுறையாக நடக்கும் காரியம். அந்தக் காலத்தில் பொட்டு வெடி வைத்துச் சுடும் தகரத் துப்பாக்கி. இப்போது அத்துடன் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சீனத்துக் கருவியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. ‘400 கேம்ஸ்’ என்று அட்டையில் போட்டிருக்கும். திறந்து பட்டனை அழுத்தினால் வருபவை புதிய விளையாட்டுகள் அல்ல. மரியோ, காண்ட்ரா என்று எல்லாம் 1980களின் சரக்கு. பையன் கேட்டு அடம்பிடிக்கிறானோ இல்லையோ, நாற்பதைத் தாண்டிய அப்பாவின் கை தானாகப் பர்ஸுக்குப் போய்விடும்.

காரணம், அந்த அப்பாக்கள் 90களில் வளர்ந்தவர்கள். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் வெளியிட்ட ‘ஃபாமிகாம்’ என்ற கருவி, 1985இல் ‘நெஸ்’ என்ற பெயரில் அமெரிக்கா போனது. இரண்டும் சேர்ந்து ஆறு கோடிக்கும் மேல் விற்றன. இந்திய வீடுகளுக்கு வந்தது பெரும்பாலும் அசல் அல்ல, அதன் நகல். ‘மீடியா’, ‘சாமுராய்’ என்று இங்கே பெயர் வாங்கிய பெட்டிகளும் உண்டு, எந்தப் பெயரும் இல்லாத கிழக்காசியப் பெட்டிகளும் உண்டு. சென்னை பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கி, பழைய துணியில் சுற்றி பஸ்ஸில் எடுத்து வரலாம். சித்தூர்க்காரருக்கு அந்த யோசனை இயல்பானது. அந்த ஊர் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. வேலூர் அரை மணி, முக்கால் மணி தூரம். கடைப் பலகையில் தெலுங்கு, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் தமிழ் என்பது அங்கே இன்றும் சாதாரணம்.

வீட்டுக்கு வந்த பெட்டியை டிவியின் ஆன்டெனா வயர் நுழையும் இடத்தில் செருகி, சானலைத் திருகித் திருகிப் பிடிக்க வேண்டும். பாதி விளையாட்டில் கரண்ட் போனால் அவ்வளவுதான், முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெட்டியில் செருகும் பிளாஸ்டிக் கட்டைக்கு உலகம் வைத்த பெயர் கார்ட்ரிட்ஜ். நம் ஊரில் அது கேசட். படம் தெரியவில்லை என்றால் கேசட்டைப் பிடுங்கி அடியில் வாயால் ஊத வேண்டும். அதனால் பயன் இல்லை, ஈரம் பட்டுத் துருதான் ஏறும் என்று பிறகு சொன்னார்கள். ஆனால் அன்றைக்கு ஊதினால் ஓடியது என்பது அந்தத் தலைமுறையின் அசைக்க முடியாத நம்பிக்கை.

சந்தையைச் சட்டப்படி பிடிக்க முயன்றவர்களும் இருந்தார்கள். புணேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் 1988 வாக்கில் பிரிட்டிஷ் ‘ஸ்பெக்ட்ரம்’ கம்ப்யூட்டரை இந்தியாவில் விற்றது. அதில் விளையாட்டுகள் உண்மையிலேயே பாட்டுக் கேசட்டில்தான் வந்தன. 90களின் மத்தியில் போட்டியாளரான சேகாவின் கருவிகளை இங்கே கொண்டுவந்தது ஷா வாலஸ். மதுபானத்துக்குப் பெயர்போன கம்பெனி. இரண்டும் சிறு நகரங்களில் எடுபடவில்லை. ஜெயித்தது பர்மா பஜார்தான்.

அந்த வழியில் வந்த போர் விளையாட்டுகளில் ராஜா ‘காண்ட்ரா’. கொனாமி நிறுவனத்தின் 1987ஆம் ஆண்டுத் தயாரிப்பு. சட்டையில்லாத இரண்டு வீரர்கள், கையில் இயந்திரத் துப்பாக்கி, ஓட்டமும் சுடுதலும். ஒருவர் ஷ்வார்ஸ்நெகர் சாயல், மற்றவர் ஸ்டாலோன் சாயல். பெயர்தான் விபரீதம். அதே நேரத்தில் நிகராகுவாவில் சாந்தினிஸ்தா அரசை எதிர்த்து அமெரிக்கப் பணத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்த படையின் பெயரும் காண்ட்ராதான். விளையாட்டின் ஜப்பானியப் பதிப்பில் முடிவில் ஒலிக்கும் இசைத்துணுக்குக்கு ‘சாந்தினிஸ்தா’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். பேப்பரில் முதல் பக்கத்தில் வந்த ரத்தம், கேசட்டில் வேற்றுக்கிரகவாசிகளைக் கொல்லும் வேடிக்கையானது. சித்தூரில் முப்பது உயிர் வாங்கும் ரகசியப் பட்டன் வரிசையை மனப்பாடமாகச் சொன்ன பையனுக்கு நிகராகுவா எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்துகொள்ள விளையாட்டும் உதவவில்லை.

நேரடியாகப் படத்திலிருந்து எடுத்த போர் விளையாட்டுகள் இன்னும் ரசமானவை. நெஸ் கருவிக்கு வந்த ‘ராம்போ’வில் ஆரம்பத்திலேயே கர்னல் கேட்கிறார்: சிறையிலிருந்து வெளியே வருகிறாயா, இல்லையா? இல்லை என்று பதில் சொல்லலாம். ஆனால் நீ சரி என்று சொல்லும்வரை விளையாட்டு தொடங்காது என்பார். போருக்குப் போகமாட்டேன் என்று சொல்லும் உரிமை இருக்கிறது, ஆனால் செல்லாது. பெரிய பெரிய அரசியல் நூல்கள் சொல்ல முயன்றதை அந்த ஒரு பட்டன் சொல்லிவிடுகிறது, தெரியாமல்தான். முடிவில் துரோகி அதிகாரியை ராம்போ தவளையாக மாற்றுகிறான். படத்தில் அப்படி ஒரு காட்சி கிடையாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கூட்டத்தில் வேறு மாதிரியான ஒன்று ‘பிளட்டூன்’.

ஆலிவர் ஸ்டோன் 1967-68இல் வியட்நாமில் காலாட்படை வீரராக இருந்தவர். இரண்டு முறை காயம்பட்டவர். திரும்பி வந்து எழுதிய திரைக்கதையை எடுக்கப் பத்தாண்டுகள் ஆளில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உதவி தர மறுத்தது. கடைசியில் பிலிப்பைன்ஸ் காடுகளில், சுமார் 60 லட்சம் டாலரில் எடுத்தார்கள். 1986 டிசம்பரில் படம் வந்தது. அமெரிக்காவில் மட்டும் 13 கோடி டாலருக்கு மேல் வசூல். அடுத்த ஆண்டு சிறந்த படம், இயக்கம், படத்தொகுப்பு, ஒலி என்று நான்கு ஆஸ்கர். கதை என்று பார்த்தால் சின்னது. கல்லூரியை விட்டுவிட்டுத் தானாகப் படையில் சேர்ந்த கிறிஸ் டெய்லர் என்ற இளைஞன். அவனுக்கு மேலே இரண்டு சார்ஜண்டுகள்: பார்ன்ஸ், இலயஸ். ஒருவர் கொலை செய்து பழகியவர், மற்றவர் அதில் சலித்தவர். எதிரி வெளியே இருக்கிறான் என்று நம்பி வந்தவன், சண்டை தன் படைக்குள்ளேயே நடப்பதைப் பார்க்கிறான்.

இதை விளையாட்டாக்கும் உரிமையை வாங்கியது மான்செஸ்டரின் ஓஷன் சாஃப்ட்வேர். படங்களின் பெயரை வாங்கி விளையாட்டாக விற்பதில் அன்று பிரிட்டனில் முன்னணியில் இருந்த நிறுவனம் அது. 1987-88இல் கமடோர் 64, ஸ்பெக்ட்ரம் முதலிய கம்ப்யூட்டர்களுக்கு வந்தது. ஜப்பானின் சன்சாஃப்ட் அதை 1988இல் நெஸ் கருவிக்கு மாற்றியது. மாற்றியது அமெரிக்கச் சந்தைக்கு மட்டும். ஜப்பானிய ஃபாமிகாமுக்கு அது வெளிவரவில்லை. அமெரிக்கக் கேசட்டுக்கு 72 பின்கள், ஜப்பானியக் கேசட்டுக்கு 60. இந்தியாவில் விற்ற நகல் பெட்டிகள் பெரும்பாலும் 60 பின் ஜாதி. காண்ட்ரா தெருத்தெருவாகப் போனதற்கும் பிளட்டூன் போகாததற்கும் இந்தப் பன்னிரண்டு பின்களும் ஒரு காரணம்.

விளையாட்டு எப்படிப் போகிறது? முதலில் காடு. ஐந்து பேர் கொண்ட படை. ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் நடத்த முடியும். தரையில் கண்ணுக்குத் தெரியாத கம்பி, தட்டினால் வெடி. முன்னால் போனவர்கள் விட்டுச்சென்ற வெடிமருந்தைக் கண்டுபிடித்துப் பாலத்தைத் தகர்க்க வேண்டும். பிறகு கிராமம். குடிசைகளைத் துழாவினால் டார்ச்சும் வரைபடமும் கிடைக்கும், ஒரு குடிசையின் தரையில் சுரங்கத்துக்கு வழி இருக்கும். சுரங்கம் மூன்றாவது கட்டம். இதுவரை பக்கவாட்டில் தெரிந்த காட்சி சட்டென்று வீரனின் கண்வழிப் பார்வையாகிவிடும். அங்கிருந்து திசைகாட்டியும் வெளிச்சக் குண்டுகளும் எடுத்துக்கொண்டு மேலே வந்தால் இரவு, பதுங்கு குழி. வெளிச்சக் குண்டு எரியும் சில நொடிகளில்தான் எதிரி தெரிவான். கடைசியில், தங்கள் விமானங்களே குண்டு போடப்போகும் காட்டிலிருந்து நேரத்துக்குள் ஓடித் தப்ப வேண்டும். வழியில் நிற்பது வியட்நாம் வீரன் அல்ல, பார்ன்ஸ்.

கருவியின் வறுமையை நினைத்தால் இதெல்லாம் சாதனை. நெஸ் கருவியின் வேலை நினைவகம் 2 கிலோபைட். இந்தக் கட்டுரையின் முதல் இரண்டு வரிகளைக்கூடப் பல மடங்கு பெரிய இடத்தில்தான் இன்றைய போன் வைத்துக்கொள்கிறது. திரையில் தெரியும் மரம், செடி, குடிசை எல்லாம் 8-க்கு 8 புள்ளி அளவுள்ள சதுர ஓடுகளை மாற்றி மாற்றி அடுக்கியவை. ஒரே கிடைக்கோட்டில் எட்டுக்கு மேல் அசையும் துண்டுகள் வந்தால் படம் சிமிட்டத் தொடங்கிவிடும். அதே மரம், அதே புதர், மறுபடி அதே மரம் என்று காடு திரும்பத் திரும்ப வருவதால் ஆடுபவனுக்கு வழி தப்பிவிடுகிறது. சிக்கனத்தால் வந்த குறைதான். ஆனால் புதிதாக வந்த ஒருவனுக்குக் காடு எப்படித் தெரிந்திருக்கும் என்பதைப் படத்துக்கு மிக அருகில் கொண்டுபோவதும் அந்தக் குறையே.

விஷயம் கிராமத்தில் இருக்கிறது. எதிர்ப்படுபவர் எல்லோரும் எதிரி அல்ல. சாதாரண ஜனங்களும் குறுக்கே வருவார்கள். அவர்களைச் சுட்டால் திரையில் ஒரு கணக்கு இறங்கும். ‘மொரேல்’ என்று பெயர். அது பூஜ்யமானால் குண்டு ஒன்றும் படாமலேயே ஆட்டம் முடிந்துவிடும். 1988இல் இது சாதாரணமல்ல. காண்ட்ராவில் திரையில் அசைவது எல்லாமே சுடுவதற்குத்தான். இங்கே விரலைத் தடுக்கும் ஒரு விதி.

ஆனால் அந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘மொரேல்’ வேறு, ‘மாரல்’ வேறு; இரண்டுக்கும் ஓரெழுத்துத்தான் வித்தியாசம். தமிழில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. முன்னது மனத்தெம்பு, பின்னது அறம். விளையாட்டில் குறைவது மனத்தெம்பு. ஒரு கிழவியைச் சுட்டதால் அறம் பிழைத்தது என்று சொல்லவில்லை. படையின் தெம்பு குறைகிறது, சமாளித்துக்கொள் என்கிறது. சகவீரன் அடிபட்டாலும் அதே கணக்குத்தான் இறங்கும். சாப்பாடும் மருந்தும் கண்டுபிடித்தால் மறுபடி ஏறும். ஒரு மனித உயிருக்கு ஈடாக ஒரு பொட்டலம் சோறு. ராணுவத்தின் பார்வையில் இதில் தப்பு ஒன்றும் இல்லை, அது அப்படித்தான் கணக்குப் போடும். ஸ்டோன் படம் எடுத்தது அந்தக் கணக்கை எதிர்த்து.

படத்தில் கிராமக் காட்சி என்ன? பயத்திலும் வெறியிலும் இருக்கும் படை ஒரு கிராமத்துக்குள் நுழைகிறது. ஒரு பெண்ணைப் பார்ன்ஸ் எல்லோர் கண்முன்னும் சுடுகிறான். இலயஸ் வந்து அவன்மேல் பாய்கிறான். கதாநாயகனான டெய்லரே ஓர் ஊனமுற்ற இளைஞனின் காலடியில் சுட்டு அவனைக் குதிக்க வைக்கிறான். பிறகுதான் அவனுக்கே சுயநினைவு வருகிறது. 1968 மார்ச் 16 அன்று மை லாய் கிராமத்தில் நடந்ததை நினைக்காமல் அதைப் பார்க்க முடியாது. அங்கே செத்தவர்கள் அமெரிக்க ராணுவக் கணக்குப்படி 347, வியட்நாம் கணக்குப்படி 504. தண்டிக்கப்பட்டது ஒரே ஒரு லெப்டினன்ட். விளையாட்டில் டெய்லருக்கு இந்தச் சங்கடம் கிடையாது. பார்ன்ஸா இலயஸா என்று அவன் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. தன் பக்கத்து ஆள் கொலைகாரன் ஆகும்போது என்ன செய்வது என்ற கேள்வியே எழுவதில்லை. கடைசிக் கட்டத்தில் பார்ன்ஸ் ஒரு பெரிய வில்லனாக நிற்பான், திரும்பத் திரும்பக் கையெறிகுண்டு வீச வேண்டும். படத்தில் டெய்லர் அவனைச் சுடுவது ஒரு கொலை; அது சரியா என்று தெரியாமலேயே பார்வையாளர் வெளியே வருகிறார். விளையாட்டில் அது வெற்றி.

ஓஷன்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. படத்திலேயே வியட்நாம்காரர்களுக்குப் பெயர் கிடையாது, பேச்சு அநேகமாகக் கிடையாது. அவர்கள் இருட்டில் அசையும் உருவங்கள். அதை எட்டு பிட் ஓவியமாக்குவது சுலபமாகவே இருந்திருக்கும். நாமும் அந்த நாட்டுக்குச் செய்தது பெரிதல்ல. சைகோனில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. நகரத்தாரும் புதுச்சேரிக்காரர்களும் தலைமுறைகளாகப் போய்வந்த ஊர். ஆனால் தமிழ்நாட்டில் வியட்நாம் என்றால் 1970இல் வந்த சிவாஜி படம்தான் நினைவுக்கு வரும். சதா சண்டை நடக்கும் வீடு என்பதால் ‘வியட்நாம் வீடு’. லட்சக்கணக்கானவர்கள் செத்துக்கொண்டிருந்த யுத்தம் அப்போது முடிந்திருக்கவில்லை. நமக்கு அது குடும்பச் சண்டைக்கு ஒரு உவமை.

சுடுவதா, வேண்டாமா என்ற கேள்வி திருப்பதிக்கு வெளிநாட்டுச் சமாச்சாரமும் அல்ல. ஊரில் எங்கிருந்து நிமிர்ந்து பார்த்தாலும் தெரிவது சேஷாசலக் காடு. செம்மரம் விளையும் காடு. 2015 ஏப்ரல் 7 அன்று அங்கே ஆந்திரப் போலீஸின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 பேர் செத்தார்கள். கூலிக்கு மரம் வெட்டப் போன தமிழகத் தொழிலாளர்கள். கோடாரியும் கல்லும் கொண்டு தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. தேசிய மனித உரிமை ஆணையம்வரை வழக்குப் போனது. காட்டுக்குள் எதிரே வருபவன் கடத்தல்காரனா, கூலியா என்பதை எந்தத் திரையிலும் இறங்கும் கணக்கு சொல்லித் தராது.

இந்தியர்கள் தாங்களே போர் விளையாட்டு செய்தபோது என்ன செய்தார்கள்? 1999இல், கார்கில் சண்டையின் சூட்டில், மும்பையின் இந்தியாகேம்ஸ் ‘யோத்தா’வைக் கொண்டுவந்தது. 2021 குடியரசு தினத்தன்று வந்த ‘ஃபாஜி’ கல்வானில் நடந்த மோதலை மொபைலுக்குக் கொண்டுவந்தது. இரண்டிலும் எதிரி யார் என்பதில் சந்தேகமே இல்லை. சந்தேகம் உள்ள படங்கள் இங்கே விளையாட்டாவதில்லை. சந்தேகம் உள்ள போர்ப் படங்களே இங்கே குறைவு என்பது வேறு விஷயம். கன்சோலுக்கு முழுக்க இந்தியாவிலேயே செய்த முதல் விளையாட்டு என்று சோனி அறிவித்தது 2009இல் ஹைதராபாதில் உருவான ‘ஹனுமான்: பாய் வாரியர்’. போர்தான், அரக்கர்களுடன். அதற்கும் எதிர்ப்பு வந்தது. யாரைக் கொல்கிறோம் என்பதற்காக அல்ல, கடவுளை ஜாய்ஸ்டிக்கால் ஆட்டிவைக்கலாமா என்பதற்காக.

பிளட்டூன் கேசட்டின் கதி இப்போது விசித்திரமானது. படத்தைத் தயாரித்த ஹெம்டேல் 90களின் மத்தியிலேயே மூடப்பட்டது. விநியோகித்த ஓரியன் 1991இல் திவாலானது, பிறகு எம்.ஜி.எம். கைக்குப் போனது. ஓஷனைப் பிரெஞ்சு நிறுவனமான இன்ஃபோகிராம்ஸ் விழுங்கியது. படத்தின் உரிமை ஒருவரிடம், நிரலின் உரிமை இன்னொருவரிடம். இப்படிப்பட்ட பழைய பட-விளையாட்டுகளை யாராவது முறைப்படி மறுவெளியீடு செய்ய வேண்டுமென்றால் முதலில் வக்கீல்களை ஒரே அறையில் உட்கார வைக்க வேண்டும். அந்தச் செலவுக்கு விற்பனை தேறாது. ஆகவே ஆசைப்படுபவர் ஒன்று அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடம் பழைய கேசட்டை டாலர் கொடுத்து வாங்க வேண்டும், அல்லது எமுலேட்டர் என்னும் மென்பொருளைப் போனில் போட்டு, சட்டப்படி சரியில்லாத ஒரு பிரதியை ஓட்ட வேண்டும்.

பெரும்பாலோர் செய்வது இரண்டாவதைத்தான். 2015இல் ஷியோமிக்காக ஃபாக்ஸ்கான் போன்களைப் பொருத்தத் தொடங்கிய ஸ்ரீசிட்டி, அன்று சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபிறகு திருப்பதி மாவட்டம். ஒரு காலத்தில் பெட்டியை வாங்கச் சென்னைக்குப் போன ஊர்க்காரர்களின் பிள்ளைகள் இப்போது பெட்டியையே உள்ளூரில் பொருத்துகிறார்கள். 2 கிலோபைட் நினைவகத்தில் ஓடிய விளையாட்டு அதில் ஒரு மூலையில் ஓடும். ஒரே சிரமம், தொடுதிரையில் பட்டன் கிடையாது. வெறும் கண்ணாடியில் வைத்த விரல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நழுவிவிடும். சுரங்கத்தில் பரவாயில்லை. கிராமத்தில்தான் கஷ்டம், வேண்டாத ஆளின்மேல் குண்டு போய்விடும்.